அமெரிக்காவின் விரைவு வெளியேற்றம்: குமரி மாவட்டக் குடும்பங்கள் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை

நாகர்கோவிலில் விண்ணப்பங்கள் எழுதிக் கொடுப்பதும் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டிய ஆவணங்களை ஒழுங்குபடுத்திக் கொடுப்பதும் என் தொழில். ஒரு சனிக்கிழமை மாலையில் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தாயார், தம் தம்பியையும் அழைத்துக்கொண்டு, கையில் ஒரு வங்கிப் பாஸ்புக்குடன் வந்தார். அமெரிக்காவில் இருந்த அவருடைய மகனைக் குடியேற்ற அதிகாரிகள் பிடித்துவிட்டார்கள். மகன் அந்த நாட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து இருந்ததற்கு ஆதாரம் உடனே வேண்டும் என்று அங்குள்ள வழக்கறிஞர் கேட்டிருந்தார். ஆதாரம் இல்லாமல் இல்லை. மூன்றாண்டுகளாக மாதந்தோறும் மகன் அனுப்பிய பணம் அந்த அம்மாவின் கணக்கில்தான் வந்து விழுந்திருந்தது. ஆனால் பாஸ்புக்கில் பதிவு போட்டு ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. வங்கியோ திங்கட்கிழமைதான் திறக்கும். திங்கள் மதியம் ஸ்டேட்மெண்ட் கையில் கிடைத்தபோது மகனை வேறு மாநிலத்துத் தடுப்பு மையத்துக்கு மாற்றியிருந்தார்கள். அவன் எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடிக்கவே வழக்கறிஞருக்கு மேலும் இரண்டு நாள் ஆயிற்று.

அன்றிலிருந்து நான் எல்லாரிடமும் சொல்லி வருவதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். வெளியேற்ற உத்தரவு சில மணி நேரத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. அதற்குப் பதில் சொல்லக்கூடிய தாள்களை நம் ஊரில் எடுப்பதற்கோ நாட்கள், சில வேளைகளில் வாரங்கள் ஆகின்றன. ஆகவே தாள்கள் முன்னரே தயாராக இருக்க வேண்டும்.

சட்டம் என்ன, மாறியது என்ன

விரைவு வெளியேற்றம் என்பது புதிய சட்டம் அன்று. 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய குடியேற்றச் சட்டத் திருத்தத்தில் வந்து, 1997 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. செல்லத்தக்க ஆவணம் இல்லாமலோ, பொய்த் தகவல் தந்தோ நுழைய முயன்றவர் என்று ஓர் அதிகாரி முடிவு செய்தால், குடியேற்ற நீதிபதி முன் நிறுத்தாமலேயே அந்த அதிகாரியும் அவருடைய மேலாளரும் கையெழுத்திட்டு அவரை வெளியேற்றிவிடலாம். மேல்முறையீடு கிடையாது. உத்தரவு முடியும் வரை தடுப்புக் காவல் உண்டு. வெளியேற்றப்பட்டவர் ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்பி நுழைய முடியாது. பொய்யான ஆவணமோ பொய் வாக்குமூலமோ காரணமாகக் காட்டப்பட்டிருந்தால் தடை வாழ்நாள் முழுவதும் நீளும்.

மாறிக்கொண்டே வந்தது சட்டத்தின் சொற்கள் அல்ல, அது யார் மீது பாயும் என்ற எல்லை. முதலில் விமான நிலையங்களிலும் எல்லைச் சாவடிகளிலும் மட்டும் இருந்தது. 2002-இல் கடல் வழியாக வந்து இறங்கியவர்களுக்கும், 2004-இல் எல்லையிலிருந்து 100 மைலுக்குள், நுழைந்து 14 நாட்களுக்குள் பிடிபட்டவர்களுக்கும் விரிந்தது. 2019-இல் டிரம்ப் அரசு அதை நாடு முழுவதும் விரித்து, அனுமதி பெறாமல் நுழைந்து இரண்டாண்டு ஆகாத எவர் மீதும் பயன்படுத்தலாம் என்றது. 2022 மார்ச்சில் பைடன் அரசு அதைத் திரும்பப் பெற்றது. 2025 ஜனவரி 21 அன்று அதே விரிவாக்கம் மீண்டும் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று வாஷிங்டன் மாவட்ட நீதிமன்ற நீதிபதி ஜியா காப் அதை நிறுத்தி வைத்தார். நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த நிறுத்தத்தைப் பெரும்பாலும் நீக்க மறுத்தது. வழக்கு மேலும் தொடர்ந்ததால், பிள்ளை இருக்கும் ஊரில் இன்றைக்கு எந்த எல்லை நடப்பில் உள்ளது என்பதை அங்குள்ள வழக்கறிஞரிடம் கேட்ட பிறகே எந்த முடிவும் எடுக்க வேண்டும். கைபேசியில் சுற்றும் குரல் பதிவுகளை நம்பி, நீதிமன்றத் தேதிக்குப் போகாமல் இருந்துவிடும்படி பிள்ளைக்குச் சொல்வது அவனைக் குழியில் தள்ளுவதாகும். ஆஜராகாதவருக்கு அவர் இல்லாமலேயே வெளியேற்ற உத்தரவு பிறப்பிக்கப்படும்.

நீதிமன்றத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020 ஜூனில் பதில் சொன்ன வழக்கே ஓர் இலங்கைத் தமிழருடையதுதான். எல்லையைத் தாண்டி ஏறத்தாழ 25 கஜ தூரத்தில் பிடிபட்டவர் அவர். ஊரில் தம்மைக் கடத்திச் சென்று அடித்தார்கள் என்று சொன்னார். அதிகாரி அதைத் தஞ்சத்துக்குப் போதுமான அச்சமாக ஏற்கவில்லை. அந்த முடிவை ஆட்கொணர்வு மனு மூலம் எதிர்க்க அவருக்கு வழி இல்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிகாரி முன் உட்கார்ந்து சொல்லும் முதல் வாக்குமூலமே பலருக்குக் கடைசி வாய்ப்பாகவும் அமைந்துவிடுவது இதனால்தான்.

உங்கள் பிள்ளை எந்த வகை

நம் மாவட்டத்துப் பெற்றோர் என்னிடம் வந்து கேட்கும் பயங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியிலேயே தீர்ந்துவிடுகிறது. பிள்ளை விசாவுடன் போய், விமான நிலையத்தில் அதிகாரி முத்திரையிட்டு உள்ளே விட்டாரா, அல்லது எந்த அதிகாரியின் கண்ணிலும் படாமல் எல்லையைக் கடந்தாரா? முறையாக அனுமதிக்கப்பட்டு உள்ளே போனவர், பின்னர் விசாக் காலம் முடிந்து தங்கிவிட்டாலும், விரைவு வெளியேற்றத்துக்கு உரியவர் அல்லர். அவரைக் குடியேற்ற நீதிபதி முன்தான் நிறுத்த வேண்டும். அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம், சாட்சியம் தரலாம், மேல்முறையீடும் உண்டு.

அப்படியானால் காலம் கடந்து தங்குவது பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. 180 நாட்களுக்கு மேல் சட்ட விரோதமாகத் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்றாண்டுத் தடையும், ஓராண்டுக்கு மேலானால் பத்தாண்டுத் தடையும் வரும். எச்-1பி விசாவில் வேலை போனவருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. மாணவருக்குப் படிப்பு முடிந்த பின் 60 நாள். அந்த நாட்களுக்குள் வேறு நிலைக்கு மாறவோ ஊர் திரும்பவோ முடிவு எடுத்தாக வேண்டும். இங்கிருந்து பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி, ‘என்ன ஆனாலும் அங்கேயே இரு, கடன் இருக்கிறது’ என்று சொல்லாமல் இருப்பதுதான். நகையை அடகு வைத்து அனுப்பிய குடும்பத்தின் நெருக்கடி எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல்லே பிள்ளையைப் பத்தாண்டுத் தடைக்குள் தள்ளியதைப் பார்த்திருக்கிறேன்.

ஏஜென்ட் மூலம் நாடு நாடாகக் கடத்தப்பட்டு எல்லை தாண்டியவர்கள் நிலைதான் கடினமானது. 2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் இறக்கப்பட்ட 104 பேரில் தமிழ்நாட்டவர் யாரும் இல்லை என்பதால் இது பஞ்சாப், குஜராத், ஹரியாணாக்காரர்களின் விவகாரம் என்று இங்கே பேசிக்கொண்டார்கள். கை, கால்களில் விலங்கிட்டு அவர்கள் கொண்டுவரப்பட்டதை நாம் எல்லாரும் பார்த்தோம். அதே மாதம் இந்தியர்கள் சிலர் பனாமாவுக்கும் கோஸ்டாரிகாவுக்கும் கூட அனுப்பப்பட்டார்கள். மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் ‘மெக்சிகோ வழி’ என்று பேரம் பேசுகிறவர் எவராயினும் அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் வைக்க வேண்டிய கோப்பு

ஒரு தடித்த கோப்பு வாங்குங்கள். கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களின் நகல், விசா நகல், ஐ-94 எனப்படும் நுழைவுப் பதிவின் அச்சுப் பிரதி ஆகிய மூன்றும் முதலில் இருக்கட்டும். ஐ-94 பதிவை அமெரிக்க எல்லைக் காவல் துறையின் இணையதளத்தில் பிள்ளையே எடுத்து அனுப்பலாம். முறையாக உள்ளே விடப்பட்டவர் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இல்லை. அதன் பிரதி பிள்ளையின் சட்டைப் பையிலும் இருக்கட்டும். 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் பதிவுச் சான்றைத் தம்மிடம் வைத்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை 2025 ஏப்ரல் 11 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துகிறார்கள். ஐ-94, கிரீன் கார்டு, வேலை அனுமதி அட்டை ஆகியவை அந்தச் சான்றாக ஏற்கப்படும். எதுவுமே இல்லாதவர் புதிதாகப் பதிவு செய்யும் முன் வழக்கறிஞரைக் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்தது ஏ-எண். குடியேற்றத் துறையில் எந்த வழக்கோ விண்ணப்பமோ இருந்தாலும் பொதுவாக ஒன்பது இலக்க எண் ஒன்று தரப்பட்டிருக்கும். அதைக் கோப்பின் அட்டையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள். காரணத்தைச் சொல்கிறேன். பிடிபட்டவர் எங்கே இருக்கிறார் என்று தேட அமெரிக்கக் குடியேற்றக் காவல் துறைக்கு இணையத் தேடல் பக்கம் உண்டு. ஏ-எண்ணும் பிறந்த நாடும் கொடுத்தால் விவரம் கிடைக்கும். எண் இல்லையென்றால் பெயரை அவர்கள் பதிவில் இருப்பதுபோல எழுத்துப் பிசகாமல் கொடுக்க வேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. தந்தையின் பெயர் ஒரு கடவுச்சீட்டில் கடைசிப் பெயராகவும் இன்னொன்றில் வெறும் முதலெழுத்தாகவும் இருக்கும். கடவுச்சீட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் அதைக் கடைசிப் பெயராக்கி, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று மூன்று எழுத்தைப் போட்டுவிடுவார்கள். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது. வீட்டில் அழைக்கும் பெயரைப் போட்டுத் தேடினால் ஆள் இல்லை என்றே வரும். விசாவில் உள்ள எழுத்துகளை அப்படியே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அதே கோப்பில் வையுங்கள்.

இரண்டாண்டுக்கு மேல் தொடர்ந்து அங்கே இருக்கிறார் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு, பிடிபட்டவருடையது. அதிகாரிக்குத் திருப்தி ஏற்படும்படி காட்ட வேண்டும் என்பது விதி. வீட்டு வாடகை ஒப்பந்தம், மருத்துவமனை ரசீது, வரி தாக்கல், பள்ளி அல்லது கல்லூரிப் பதிவு, தேதியிட்ட தேவாலயக் கடிதம் போன்றவை பிள்ளையிடம் இருக்கும். உங்களிடம் இருப்பது பண வரவுப் பதிவு. அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாஸ்புக்கில் பதிவு போட்டுவிடுங்கள். வெளிநாட்டுப் பண வரவுக்கான அறிவிப்புச் சீட்டையும் வங்கியில் கேட்டு வாங்குங்கள். அனுப்பியவரின் முகவரியும் தேதியும் அதில் இருந்தால் மிக நல்லது. கூரியரில் வந்த பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைக்கூடக் கிழித்து எறியாதீர்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: வேலை அனுமதி இல்லாதவர் மாதந்தோறும் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவே வேறு கேள்வியை எழுப்பக்கூடும். ஆகவே எதையும் நேரே அதிகாரிக்கு அனுப்பாமல் வழக்கறிஞருக்கு மட்டும் அனுப்புங்கள். எதைக் காட்டுவது என்பதை அவர் தீர்மானிக்கட்டும்.

பிறப்புச் சான்றிதழை எடுத்து ஒரு முறை கண்ணால் பாருங்கள். நம் பகுதியில் பழைய சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயர் இடம் வெறுமையாக இருக்கும். பிறந்தவுடன் பதிந்துவிட்டுப் பெயரைப் பின்னர் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். பெயர் சேர்க்க இப்போதே விண்ணப்பியுங்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் பங்குக் கோயில் பதிவேட்டிலிருந்து திருமுழுக்குச் சான்றையும் எடுத்து வைத்தால் துணை ஆதாரமாகும். தமிழில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும், இரு மொழியும் அறிந்தவர் ‘சரியான மொழிபெயர்ப்பு’ என்று சான்றளித்துக் கையெழுத்திட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்கப்பட வேண்டும்.

கோப்பு முழுவதையும் ஸ்கேன் செய்து, வீட்டில் இருவர் கைபேசியிலும் பிள்ளை நம்பும் நண்பர் ஒருவரிடமும் வைத்துவிடுங்கள்.

பிடிபட்ட அன்று

பிள்ளை சொல்ல வேண்டியவை சில வாக்கியங்களே. அவற்றை முன்கூட்டியே மனப்பாடம் செய்திருக்க வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். என் வழக்கறிஞரோடு பேச வேண்டும். இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள். ஊருக்குத் திரும்ப உண்மையிலேயே அஞ்சுபவராக இருந்தால், திரும்பிப் போக அஞ்சுகிறேன். 2024 ஜூனில் வந்த விதி, தெற்கு எல்லையில் பிடிபடுவோரை ‘உனக்கு அச்சம் உண்டா’ என்று அதிகாரிகள் கேட்க வேண்டியதில்லை என்றது. ஆகவே கேட்பார்கள் என்று காத்திராமல் அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அச்சம் இல்லாதவர் இருப்பதாகச் சொல்லவே கூடாது. பொய் வெளிப்பட்டால் பிற வழிகளும் அடைபடும்.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றி இங்கே சற்று விளக்க வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பகுதி இளைஞர்களுக்கு மலையாளமும் ஓரளவு வரும் என்பதால் கிடைத்த மொழிபெயர்ப்பாளரை ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் எந்த மொழியில் கனவு காண்கிறாரோ அந்த மொழியைக் கேட்க வேண்டும். அதைவிட ஆபத்தான வழக்கம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. எதிரே இருப்பவர் பேசும்போது ‘சரி, சரி’ என்று தலையசைத்துக்கொண்டே கேட்போம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதைத்தான் அதனால் சொல்கிறோம். தொலைபேசியில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் அதை ‘ஆம்’ என்று பெயர்த்துவிட்டால், வேலை செய்யத்தான் வந்தேன், ஊருக்குப் போக அச்சம் இல்லை என்றெல்லாம் ஒப்புக்கொண்டதாக வாக்குமூலத்தில் ஏறிவிடும். பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் கேட்பார்கள். புரியாத பக்கத்தில் ஒப்பமிடாமல், திரும்பப் படித்துக் காட்டும்படி கேட்பது அவருடைய உரிமை. உங்கள் பிள்ளையோடு தொலைபேசியில் இதை இரண்டு முறை ஒத்திகை பாருங்கள். ‘சரி’ என்பதற்குப் பதில் ‘கேட்கிறேன்’ என்று சொல்லப் பழக்குங்கள்.

தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி பிள்ளையே கேட்க வேண்டும். 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு இந்த உரிமையைத் தருகிறது. ஆனால் இந்தியருக்குக் கேட்காமல் தானாகவே தெரிவிக்கும் கட்டாயம் அமெரிக்க அதிகாரிகளுக்கு இல்லை. நீங்கள் இங்கிருந்து வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் புகார் பதிவு செய்யலாம். சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நல ஆணையரகத்துக்கும் எழுதலாம். எழுதும்போது ஏ-எண், விசாவில் உள்ள பெயர், கடவுச்சீட்டு எண், கடைசியாகப் பேசிய நேரம் ஆகிய நான்கும் முதல் நான்கு வரியில் இருக்கட்டும். அழுகையும் வேண்டுகோளும் பின்னர் வரலாம்.

வழக்கறிஞர் என்று சொல்லிக்கொள்பவர் எல்லாரும் வழக்கறிஞர் அல்லர். ஏதேனும் ஒரு மாநிலத்து வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று அந்த மன்றத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம். நல்ல நாளிலேயே ஒருவரைத் தேர்ந்து, ஜி-28 என்னும் பிரதிநிதித்துவப் படிவத்தில் பிள்ளை கையெழுத்திட்டு வைத்தால், பிடிபட்ட பின் கையெழுத்துக்காக அலைய வேண்டியதில்லை. இலவச சட்ட உதவி தரும் அமைப்புகளின் பட்டியலை அமெரிக்கக் குடியேற்ற நீதிமன்றங்களே வெளியிடுகின்றன.

நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருப்பவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. 2025 மே முதல், அரசு வழக்கறிஞரே ‘இந்த வழக்கைத் தள்ளுபடி செய்யுங்கள்’ என்று கேட்டு, அது முடிந்து வாசலுக்கு வரும் மனிதரைக் கைது செய்து விரைவு வெளியேற்றத்தில் போடும் நடைமுறை பல ஊர்களில் வந்தது. தள்ளுபடி என்றதும் விடுதலை என்று மகிழ்ந்துவிடக் கூடாது. எதிர்ப்புத் தெரிவிக்கிறேன், பதிலளிக்க அவகாசம் வேண்டும் என்று நீதிபதியிடம் கேட்க வேண்டும்.

பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு

செல்லத்தக்க விசா இருந்தாலும், விமான நிலையத்தில் அதிகாரி நம்பாவிட்டால் இதே சட்டம் உங்கள் மீதும் பாயலாம். திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபி வழியாகப் போகிறவர்களுக்கு அமெரிக்க அதிகாரிகளின் சோதனை அபுதாபியிலேயே நடந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். திரும்பும் பயணச்சீட்டு, மகளின் முகவரி, தங்கும் காலம் ஆகியவற்றுக்குச் சுருக்கமாகவும் உண்மையாகவும் பதில் சொல்லுங்கள். சம்பளத்துக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது. செய்வதாகச் சொல்லவும் கூடாது. அமெரிக்க மண்ணில் இறங்கிய பின், திருப்பி அனுப்பப் போகிறோம் என்று அதிகாரி சொன்னால், நுழைவு விண்ணப்பத்தை நானே திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம். ஏற்றுக்கொண்டால் விசா போகலாம், ஐந்தாண்டுத் தடை வராது.

திரும்பி வரும்போது

கடவுச்சீட்டு இல்லாமல் பிடிபட்டவருக்கு இந்தியத் தூதரகம் அவசரச் சான்றிதழ் கொடுத்துத்தான் அனுப்ப முடியும். அதற்கு முன் குடியுரிமையைச் சரிபார்க்க உள்ளூர்க் காவல் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருவார்கள். அவமானத்துக்கோ ஏஜென்டுக்கோ பயந்து ‘அப்படி ஒருவர் எங்கள் வீட்டில் இல்லை’ என்று சொன்னால், பிள்ளை அங்கே சிறையில் இருக்கும் நாட்கள்தான் கூடும். குடும்ப அட்டை, பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று ஆகியவற்றைக் கோப்பிலிருந்து எடுத்துக் காட்டுங்கள். வந்து சேர்ந்த பின், பணம் வாங்கி ஏமாற்றிய ஏஜென்ட் மீது மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெறாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றம். பதிவு பெற்றவர் யார் என்பது மத்திய அரசின் ‘இ-மைகிரேட்’ தளத்தில் உண்டு. பணம் கொடுத்த தேதி, சாட்சி, கைபேசிச் செய்தி ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருப்பவரின் புகார்தான் நிற்கும்.

வெளியேற்றும்போது ஐ-860 என்ற உத்தரவும் ஐ-296 என்ற தடை அறிவிப்பும் கையில் கொடுப்பார்கள். கோபத்திலும் வெட்கத்திலும் பலர் அவற்றை விமான நிலையத்திலேயே கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். ஐந்தாண்டு எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதும், தடைக் காலத்துக்குள் ஐ-212 படிவத்தில் அனுமதி கேட்கும்போது எந்தப் பிரிவைக் காட்ட வேண்டும் என்பதும் அந்தத் தாள்களில்தான் உள்ளன. இரண்டையும் நகல் எடுத்து, மூலத்தை அதே கோப்பில் கடைசித் தாளாக வைத்துவிடுங்கள்.